பள்ளிக்கு வைத்துக் கொடுத்த ஆர்.ஓ. இயந்திரம் நின்றுவிட்டது: பழையதைச் சரிசெய்வதா, புதிதாக இரண்டு வைப்பதா?

மூன்றாமாண்டு மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து நடத்தும் பொறியியல் மன்றம் ஒன்று உண்டு. சுற்றியுள்ள ஊர்களுக்குப் பயன்படும் தொண்டுப் பணிகளைச் செய்வதே அதன் நோக்கம். ஏட்டில் 42 பேர் இருக்கிறோம். வேலை என்று வந்தால் பன்னிரண்டு பேர் தேறுவோம். சென்ற மாதம் அதன் பொறுப்பு என் கைக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சீனியர்கள் பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதும் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தவை. அக்டோபரில் திறப்பு விழா நடந்தது; கல்லூரி மலரில் இரண்டு பக்கம் படங்கள் வந்தன. இப்போது அப்பள்ளியின் தலைமையாசிரியர், இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த கைப்பேசி எண்ணை அழைத்திருக்கிறார். அந்த எண்ணுக்குரிய அண்ணன் பெங்களூரில் வேலையில் இருப்பதால், என் எண்ணைக் கொடுத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் மேல் சாக்பீஸ் பெட்டிகளும் பழைய வருகைப் பதிவேடுகளும் அடுக்கப்பட்டிருந்தன. குழாய் வாயில் உப்புப் பூத்திருந்தது. ஏழே மாதம்தான் ஓடியது என்றார் தலைமையாசிரியர்.

இதற்கிடையில், வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர் ஒருவர் 1,20,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச் மாத ஆண்டு விழாவுக்குள் வேறு இரண்டு ஊர்ப் பள்ளிகளில் புதிய இயந்திரங்கள் வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மன்றத்தில் பெரும்பாலோர் அதற்கே தயாராக இருக்கிறார்கள். பழையதைப் பழுதுபார்க்க யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசும் அளவுக்கு விவரமும் இல்லை. இதுபோன்ற பணிகளை எப்படித் திட்டமிடுவது, யாரிடம் என்ன பொறுப்பைக் கொடுப்பது, பணத்தை எப்படிக் கையாளுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பள்ளித் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று உங்கள் மன்றத்தின் ஏட்டில் எங்காவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. "டி.டி.எஸ். 900" என்று எழுதியிருப்பார்கள். பேனா போன்ற அந்தக் கருவி, தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணித்துச் சொல்லும், அவ்வளவுதான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலும், 900 காட்டும் கருவியில் அது தெரியாது. இந்தியத் தரநிலை 10500-இன்படி குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். சுவையில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சுவதில் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் உண்டு.

மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் கூடாது. மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் பருவத் தேர்வு முடிந்து ஜனவரியில்தான் ஊருக்குள் வருகிறார்கள். அப்போது மழை முடிந்து நிலத்தடி நீர் ஓரளவு ஏறியிருக்கும். ஊர் உண்மையில் திண்டாடுவது ஏப்ரல், மே மாதங்களில். உங்களுக்கு அப்போது தேர்வு. இரண்டு காலத்து மாதிரியும் கையில் இல்லாமல் எதையும் வடிவமைக்க வேண்டாம்.

அக்டோபரில் திறந்தது ஏழு மாதம் ஓடியது என்றால், நின்றது மே மாதம், அதாவது கோடை விடுமுறை. உள்ளே உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பரேனை ஒரு மாதத்துக்கும் மேலாக, கழுவிவிடாமல், உள்ளே தண்ணீர் தேங்கியபடியே பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அப்பகுதித் தண்ணீரின் கடினத்தன்மைக்கு உப்பு படிந்து அடைத்திருக்கும். இது என் ஊகம்; நீங்கள் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கழிவு நீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சிறிய இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு வெளியேறும். பிரித்தெடுத்த ஃபுளோரைடு முழுவதும் அதில்தான் இருக்கும். அதை ஆழ்துளைக் கிணற்றின் ஓரத்திலேயே விட்டிருந்தால், எடுத்ததை அங்கேயே திருப்பிப் போடுகிறீர்கள்.

இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு சிக்கலுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரி நீர் அவ்வூர் மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறதா, வந்தால் பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? தொட்டியைத் திறந்து மூடும் பணியாளரிடம் கேளுங்கள். ஊராட்சி அலுவலகக் கோப்பில் இல்லாத செய்தியெல்லாம் அவரிடம் இருக்கும். வரத்துக் குறையும் நாட்களில் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலப்பது பல ஊர்களில் நடக்கும். அதனால் வெவ்வேறு நாட்களில் தொட்டி நீரையும் சோதியுங்கள்.

பழுதுபார்க்க யார் வருவார்கள் என்று உங்கள் நண்பர்கள் கேட்டதற்கு ஒரு செய்தி. நம் ஊர்களில் நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்பை, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்த்துச் சென்னையில் உற்பத்தி செய்தார்கள். உறுதியான பம்பு, ஆனால் உள்ளே ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும், கிணற்றுக்குள் இறங்கிய குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு ஒன்றியத்திலிருந்து வண்டியும் ஆட்களும் வர வேண்டும். பிறகு வந்த மார்க் 3-இல் குழாயை அகலமாக்கி, குழாய் இருந்தபடியே இருக்க, பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கும்படி செய்தார்கள். வாஷரை மாற்றப் போகிறவர் யார், அவரிடம் என்ன கருவி இருக்கும் என்று கேட்டுப் போட்ட வரைபடம் அது. பழுதுபார்ப்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

முன்னாள் மன்றச் செயலாளர் எழுதியது:

தொழில்நுட்பத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் மன்றத்தை நடத்துவது பற்றி மட்டும் எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் நானும் இதே பிழையைச் செய்தவள். சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்கு ஆறு சூரிய ஒளித் தெருவிளக்குகள் நட்டோம். இரண்டு ஆண்டு கழித்து, வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். ஆறில் ஒன்றுதான் எரிந்தது. மற்றொரு கம்பத்தில் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தார்கள். பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை வடிநீர் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூட எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் யார் சொல்ல வேண்டும் என்று எங்கள் பட்டியலில் எழுதப்படவே இல்லை. வரவேற்புப் பலகை, சால்வை, ஒலிபெருக்கி ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள்.

எங்கள் குழப்பத்துக்கெல்லாம் வேர், பொறுப்பு முழுவதும் இறுதியாண்டு மாணவர்களிடம் இருந்ததுதான். ஜனவரி வந்ததும் அவர்களுக்கு வேலைவாய்ப்பு நேர்காணல், புராஜெக்ட், பிரிவு விழா என்று நேரம் போய்விடும். மே மாதத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டு மாற்றியது இப்படி: ஒவ்வோர் ஊருக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர்தான் பொறுப்பாளர், இறுதியாண்டு மாணவர் அவருக்கு ஆலோசகர் மட்டுமே. இரண்டாமாண்டில் பொறுப்பேற்பவர் அவ்வூருக்கு இரண்டு கோடைகளாவது முகம் தெரிந்தவராக இருப்பார். முதலாண்டிலிருந்து ஒருவரை அவரோடு எப்போதும் கூட்டிப் போக வேண்டும். தனியாக யாரும் போகக் கூடாது என்பது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதன்று. ஊரில் ஒரு பாட்டி சொல்வதை இரண்டு பேர் கேட்டால்தான் ஒருவராவது சரியாக எழுதுவார்.

எண்ணை இயந்திரத்தில் ஒட்டியது நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு தனி மாணவருடைய எண்ணை ஒட்டாதீர்கள். மன்றத்துக்கென்று ஒரு சிம் கார்டு வாங்கி, அதை ஆண்டுதோறும் கைமாற்றுங்கள். ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம், கெட்டி அட்டை போட்டது, அந்த ஊரிலேயே இருக்கட்டும். யார் வந்தார்கள், எதைத் திறந்தார்கள், எந்த வடிகட்டியை மாற்றினார்கள், எவ்வளவு செலவு என்று அதில் எழுதிவிட்டுப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கிடந்தால், குழுவை உருவாக்கியவர் விலகியதோடு எல்லாம் போய்விடும்.

கனடாவிலுள்ள எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தோல்வி அறிக்கை என்றே ஒன்றை ஆண்டறிக்கையோடு வெளியிட்டு வந்தது. உங்கள் சீனியர்களை அவமானப்படுத்துவதாக ஆகிவிடுமோ என்று தயங்காமல், இந்தப் பள்ளியைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மன்றக் கூட்டத்தில் படியுங்கள். பெங்களூர் அண்ணனையும் காணொளியில் அழையுங்கள். அவரும் சிலவற்றைச் சொல்லக் காத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை எழுதியது:

வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவள் என்பதால் சில வரிகள். எங்கள் பள்ளிக்கும் இப்படி ஒரு கல்லூரியிலிருந்து இயந்திரம் வந்தது. விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதுவரை வெயிலில் வரிசையில் நின்றார்கள், கையில் பூவோடு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல். குடிநீர் இயந்திரத்தைத் திறந்து வைக்கும் விழா அது.

திருட்டுப் பயத்தால் அதைத் தலைமையாசிரியர் அறையில் வைக்கச் சொன்னார்கள். அந்த அறைக்குள் எட்டாம் வகுப்புப் பையனே நுழையத் தயங்குவான். இரண்டாம் வகுப்புக் குழந்தை எப்படிப் போகும்? பிள்ளைகள் பழையபடி மைதானத்துக் குழாயிலேயே குடித்தார்கள். ஆசிரியர்கள் ஆர்.ஓ. தண்ணீர் குடித்தோம். வடிகட்டி மாற்ற ஆள் வந்து 3,800 ரூபாய் கேட்டார். பள்ளி மானியத்தில் அதற்குத் தலைப்பு இல்லை. ஆசிரியர்கள் ஒருமுறை போட்டுக் கொடுத்தோம், மறுமுறை முடியவில்லை.

ஆகவே தம்பி, திட்டம் போடும் முன் தலைமையாசிரியரோடு பேசினால் மட்டும் போதாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள். அவர்கள் கூட்டத்தில் வந்து உட்காருங்கள். சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் கேளுங்கள். குடிக்கும் நீரைவிட, சோறும் சாம்பாரும் எந்தத் தண்ணீரில் வேகின்றன என்பதை யாருமே கேட்பதில்லை. அந்த ஃபுளோரைடும் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகிறது. இன்னொன்று: நீங்கள் எல்லோரும் சனிக்கிழமை வருகிறீர்கள். பள்ளி அன்று பூட்டியிருக்கும். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை ஒருநாளும் பார்க்காமலேயே அவர்களுக்காக இயந்திரம் செய்கிறீர்கள்.

உதவிப் பேராசிரியர், மன்ற ஆலோசகர் எழுதியது:

வேறொரு கல்லூரியில் ஆறு ஆண்டுகளாக இப்படியொரு மன்றத்துக்கு ஆசிரியர் ஆலோசகராக இருக்கிறேன். மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் பகுதியை எழுதுவது என் பங்கு.

பணம் முதலில். நன்கொடையாளர் வெளிநாட்டில் வாழ்கிறார் என்கிறீர்கள். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவராக இருந்தால், தமிழராகவே இருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். அதன்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத மன்றமோ கல்லூரியோ அதைப் பெறக் கூடாது. அவரிடம் நாசூக்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிலையிலும் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கிலோ ஜிபே எண்ணிலோ வாங்காதீர்கள். நல்ல மாணவர் ஒருவர் இதனால் பெயர் கெட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்கூட எடுக்காதவர், கணக்கு மட்டும் எழுதவில்லை.

வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தொடாமல் வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நன்கொடையாளர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு கேட்டுக்கொள்வார்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, ஊராட்சிச் செயலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் தொடங்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவற்றில் ஒன்றில் உங்கள் பணியைத் தீர்மானமாகப் பதியச் செய்தால், அதிகாரிகள் மாறினாலும் காகிதம் நிற்கும். கல்லூரிகள் ஊர்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், ஏற்கெனவே குறைந்தது ஐந்து ஊர்களைத் தத்தெடுத்திருக்கும். உங்கள் பள்ளி அவ்வூர்களில் ஒன்றில் இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த முகாமை இவ்வூரிலேயே போட வைத்தால் உங்கள் பன்னிரண்டு பேர் ஐம்பது பேராகிவிடுவார்கள். ஆனால் சான்றிதழுக்காக வரும் ஐம்பது பேருக்கு என்ன வேலை கொடுப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வருவார்கள்.

முன்னாள் செயலாளர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு. இரண்டாமாண்டு மாணவர் ஊர்ப் பொறுப்பாளராக இருக்கலாம். மின் இணைப்பு, கூரைமேல் ஏறுவது, தொட்டிக்குள் இறங்குவது ஆகிய மூன்றையும் எந்த ஆண்டு மாணவரும் செய்யக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரும் ஊர்க் குழாய்ப் பணியாளரும் கூலிக்கு வரட்டும். அவர்கள்தாம் பிறகு பழுதுக்கும் வரப்போகிறவர்கள். போகவர இருசக்கர வண்டியில் மூன்று பேர் என்பதும் வேண்டாம். கல்லூரி வண்டி கிடைக்கும் நாளில் மட்டும் போங்கள்.

மூன்றாமாண்டு மாணவன் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் பொறுத்தருள வேண்டும். தேர்வுக்கும் ஆய்வக முடிவுக்கும் காத்திருந்தேன்.

ஐயா ஊகித்தது சரி. மெம்பரேனைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோதே ஓடவில்லை என்று துப்புரவுப் பணியாளர் அம்மா சொன்னார். கழிவுக் குழாய் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாலடி தூரத்தில் முடிகிறது. பள்ளிக் கிணற்று நீரில் ஃபுளோரைடு 2.8 மில்லிகிராம். மன்றத்தின் பழைய கோப்பில் டி.டி.எஸ். மட்டுமே இருந்தது.

தொட்டிப் பணியாளரைத் தேடிப் பிடிக்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. நான்காவது முறை, விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொட்டியடியிலேயே காத்திருந்தோம். ஒகேனக்கல் நீர் அவ்வூருக்கு வருகிறது. பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் அதற்கு ஒரு குழாயும் இருக்கிறது! ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழரைக்கு மூடுகிறார். பள்ளி திறப்பது ஒன்பது மணிக்கு. பிடித்து வைக்க ஆள் இல்லாததால் அந்தக் குழாயின் வாயைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, நாளடைவில் மறந்தும்விட்டார்கள். செடிக்குள் கிடந்ததை அவர்தான் காலால் விலக்கிக் காட்டினார். அதில் பிடித்த நீரில் ஃபுளோரைடு 0.5. உள்ளூர்க் கிணற்று நீர் கலந்த ஒரு நாளில் 1.3 இருந்தது.

எனவே புதிய இயந்திரம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். அந்தக் குழாயோடு இணைத்து, தரை மட்டத்தில் 2,000 லிட்டர் தொட்டியும் மிதவை வால்வும் வைத்தால், யாரும் இல்லாதபோதே நிரம்பி நின்றுவிடும். அங்கிருந்து சமையல் கூடத்துக்கு ஒரு குழாய், பிள்ளைகள் எட்டும் உயரத்தில் நான்கு குழாய்கள். ஊர்க் குழாய்ப் பணியாளர் தம் கூலியையும் சேர்த்து 41,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். நன்கொடையாளரிடம் ஆய்வக முடிவுகளையும் செடிக்குள் இருந்த குழாயின் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு, மற்ற இரண்டு ஊர்களிலும் இப்படிக் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று எழுதினார். இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். பணம் கல்லூரிக் கணக்குக்கு வரும்.

மன்றத்தில் ஏழு பேர் விலகிவிட்டார்கள். ஆண்டு விழாவில் காட்ட ஒன்றும் இல்லை என்பது அவர்கள் குறை. முதலாண்டிலிருந்து நால்வர் வந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: கலப்பு நாட்களில் வரும் நீரைத் தொட்டிக்குள் விடாமல் தடுக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் எழுதியது:

வால்வை வைத்துத் தடுக்கப் பார்க்காதீர்கள். அதைத் திறந்து மூட மீண்டும் ஓர் ஆள் வேண்டும். 1.3 என்பது பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள்தான் இருக்கிறது. எந்தெந்த நாள் கலக்கிறார் என்பதைத் தொட்டிப் பணியாளரை உங்கள் நோட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள், பேனா வாங்கிக் கொடுங்கள். ஏப்ரலில் கலப்பு நாட்கள் கூடும். அப்போது மறுபடி ஒரு மாதிரி எடுத்துவிட்டு எழுதுங்கள். தொட்டியை நிழல் விழும் பக்கமாக வையுங்கள். மூடிக்குப் பூட்டு வேண்டும், சாவி இரண்டு.

அரசுப் பள்ளி ஆசிரியை எழுதியது:

இரண்டாவது சாவி சமையலரிடம் இருக்கட்டும். குழாய்களில் ஒன்றை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கென்று இன்னும் தாழ்வாகப் பொருத்துங்கள். உயரத்தை நீங்கள் அளக்க வேண்டாம், புதன்கிழமை இடைவேளையில் வந்து ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துக் குறியுங்கள்.